முட்டி வலிக்குப் பயிற்சியையும் அளவோடு எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முட்டி வலிக்காக மருத்துவரைப் பார்த்து வந்தவர் வீட்டில் இருந்தால், அவருடைய மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். மாத்திரை எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை நாளைக்கு என்று எல்லாம் இருக்கும். கடைசி வரியில் 'பிசியோ' என்றோ 'எக்சர்சைஸ்' என்றோ ஒரு சொல் மட்டும் கிடக்கும். எந்தப் பயிற்சி, எத்தனை முறை, வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு வலி வரை பொறுக்கலாம், எப்போது கூட்டலாம் என்று ஒன்றும் இருக்காது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் முழங்கால் தேய்மானத்துக்குப் பல நாடுகளின் சிகிச்சை நெறிமுறைகளும் முதலிடத்தில் வைப்பது பயிற்சியையும் எடைக் குறைப்பையும்தான். அந்த முதல் சிகிச்சையை இங்கே அளவு சொல்லாமல் தருகிறார்கள். அளவு தெரியாததால் நோயாளிகள் அரைகுறையாகச் செய்கிறார்கள். 'எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு, கேக்கல' என்று ஊசிக்கும் அறுவைக்கும் போய்விடுகிறார்கள். முட்டி நோயாளிகளை அன்றாடம் பார்க்கும் இயன்முறை (பிசியோதெரபி) மருத்துவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். பாதியில் வெட்டினால் பயனில்லாமல் போகும் என்பதால் முழுதாக வெளியிட வேண்டுகிறோம்.

முட்டியில் வரும் வலியெல்லாம் தேய்மானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தேய்மான வலி மெல்ல மெல்ல வரும். நடந்தால், படியேறினால், வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் வலிக்கும். காலுக்கு ஓய்வு கொடுத்தால் தணியும். காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். அந்த இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கை விரல் கணுக்களும் வீங்கியிருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, பார்க்க வேண்டிய மருத்துவரும் வேறு. நாள் கடத்தினால் மூட்டுகள் கோணிப்போய் அப்படியே நின்றுவிடும். ஓரிரு நாளில் முட்டி வீங்கிச் சிவந்து கொதித்து, காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கக்கூடும். ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். யூரிக் அமிலம் படிந்தாலும் இதேபோல் வீங்கும். மூட்டு நீரை ஊசியால் உறிஞ்சிச் சோதித்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். கீழே விழுந்தபின் காலை ஊன்ற முடியாதவர்கள், முட்டி பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டவர்கள், படுத்தாலும் ஓயாத வலியோடு உடலும் இளைத்து வருபவர்கள் நேரே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

இடுப்பு மூட்டுக் கோளாறும் முட்டி வலியாக வரும். மல்லாந்து படுக்க வைத்து, முட்டியையும் இடுப்பையும் மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் கொண்டுபோய்த் தொடையை உள்புறமாகத் திருப்பினால் தொடை இடுக்கில் வலிக்கும். அப்படியானால் படம் எடுக்க வேண்டியது இடுப்புக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் உண்டு. பல்லில் பழுப்புக் கறை, குனிய முடியாத முதுகு இறுக்கம் இவற்றோடு வரும் மூட்டு வலியை அங்கே வெறும் வயதுத் தேய்மானம் என்று எழுதிவிடக் கூடாது. என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

எக்ஸ்ரே எடுப்பதானால் நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள். படுத்து எடுத்த படத்தில், உடல் எடை மூட்டின் மேல் இறங்காததால் இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளி நிறைய இருப்பதுபோல் தெரியும். படத்தைப் பார்த்துத் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள்; 4 என்றால் மிகக் கடுமை. நான்காம் நிலையிலும் ஓரளவு வலியோடு கடைக்கும் கோவிலுக்கும் போய் வருபவர்கள் உண்டு. இரண்டாம் நிலையில் துடிப்பவர்களும் உண்டு. ஆகவே சிகிச்சையைத் தீர்மானிக்கப் படம் மட்டும் போதாது. எம்.ஆர்.ஐ. விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'ஜவ்வு கிழிஞ்சிருக்கு' என்று, அதாவது முட்டியில் இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு கிழிந்திருப்பதாக, அறிக்கை வந்ததும் பலர் பயந்துபோகிறார்கள். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் நகரில் நடுவயதினரையும் முதியவர்களையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ இல்லை. வயதானால் ஜவ்வு நைவது இயல்பு.

இனி பயிற்சி. தொடங்குவதற்கு முன் இப்போதைய பலத்தை அளந்து எழுதி வையுங்கள். கைப்பிடி இல்லாத, 17 அங்குல உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இரண்டு கைகளையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று வீட்டில் ஒருவர் எண்ணட்டும். 60 முதல் 64 வயதுப் பெண்கள் 12க்குக் கீழும் ஆண்கள் 14க்குக் கீழும், 65 முதல் 69 வயதுப் பெண்கள் 11க்குக் கீழும் ஆண்கள் 12க்குக் கீழும் இருந்தால் தொடைத் தசை வலுவிழந்திருக்கிறது என்று பொருள். ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள். வலி குறைந்ததா இல்லையா என்று குழப்பம் வரும்போது இந்த எண்ணிக்கை உண்மையைச் சொல்லும்.

முதல் பயிற்சி துண்டு அழுத்துதல். கட்டிலிலோ பாயிலோ கால் நீட்டி உட்கார்ந்து, குளியல் துண்டைச் சுருட்டி முட்டியின் அடியில் வைத்து, துண்டைக் கீழ்நோக்கி அழுத்தி 5 வினாடி பிடித்து விட வேண்டும். 10 முறை செய்தால் ஒரு சுற்று. தினமும் மூன்று சுற்று. சரியாகச் செய்தால் முட்டிச்சில்லு மேலே நகரும்; முட்டிக்குச் சற்று மேலே, உட்புறத் தசை கல்லாக இறுகும். அங்கே விரலை வைத்துப் பாருங்கள். தசை இறுகாமல் பிட்டம் மட்டும் மேலெழுந்தால் முட்டிக்கு வேலை போகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துவது இன்னொரு தவறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்தும்கூட. வாய்விட்டு ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாகப் போய் வரும்.

அடுத்தது காலை நீட்டித் தூக்குதல். மல்லாந்து படுத்து, தூக்காத காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். அதை மடக்காமல் செய்தால் இடுப்பு வளைந்து முதுகு வலி வரும். தூக்கும் காலில் முதலில் தொடையை இறுக்கி முட்டியை நேராக்க வேண்டும், பிறகுதான் தூக்க வேண்டும். ஓர் அடி உயரம் போதும். 5 வினாடி நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். முட்டி லேசாக மடங்கிய நிலையில் வேகமாக உயரத் தூக்குவதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். அதில் இடுப்புத் தசைதான் உழைக்கும். தொடை முன்தசை சும்மா இருக்கும். 10 முறை, மூன்று சுற்று எளிதாக வந்துவிட்டால் அரை கிலோ பருப்பைத் துணிப்பையில் கட்டிக் கணுக்காலில் சுற்றிக்கொள்ளுங்கள். பிறகு முக்கால் கிலோ, ஒரு கிலோ.

எல்லாவற்றிலும் முக்கியமானது உட்கார்ந்து எழுதல். இது ஒன்றையாவது விடாதீர்கள். நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, குதிகாலை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். மூக்கு, கால் கட்டைவிரலுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது நான்கு எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்க வேண்டும்; பலம் கூடுவது பெரிதும் இந்த இறக்கத்தில்தான். பொத்தென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண். முட்டிகள் இரண்டும் உள்ளே ஒன்றையொன்று நோக்கிப் போகாமல், பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராகவே இருக்க வேண்டும். வலி அதிகமானால் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். தலையணையை மடித்துப் போட்டு இருக்கையை நாலு அங்குலம் உயர்த்துங்கள். முட்டி மடங்கும் அளவு குறையும், வலியும் குறையும். பலம் வர வர உயரத்தைக் குறைக்கலாம். 8 முறை, மூன்று சுற்று, நடுவே ஒரு நிமிட ஓய்வு.

ஒருக்களித்துப் படுத்து மேல் காலைப் பக்கவாட்டில் தூக்குவது இடுப்பின் வெளித்தசைக்கானது. நடக்கும்போது உடல் இரண்டு பக்கமும் ஆடுகிறவர்களுக்கு இது அவசியம். கால் விரல்கள் முன்னோக்கியே இருக்க வேண்டும், கூரையைப் பார்த்துத் திரும்பக் கூடாது. கடைசியாகப் படி ஏறுதல். 4 அங்குலப் பலகையில் தொடங்கி 6 அங்குலத்துக்குப் போகலாம். பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சுவரோ கம்பியோ இருக்கட்டும். பயிற்சியில் வலிக்கும் காலைத்தான் பலகையில் வைத்து ஏற வேண்டும். வீட்டு மாடிப்படியில் முறை வேறு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

துண்டு அழுத்துதலைத் தினமும் செய்யலாம். மற்றவை வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தசைக்கு ஓய்வு தேவை. வலிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வலியே இல்லாததைப் பூஜ்யமாகவும், தாங்கவே முடியாததைப் பத்தாகவும் வைத்தால், பயிற்சியின்போது ஐந்து வரை போகலாம். மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்குத் தணிந்துவிட வேண்டும். தணியாவிட்டாலோ முட்டி வீங்கினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் வலி சற்றுக் கூடுவது போலிருக்கும். பலரும் விட்டுவிடுவது அப்போதுதான். ஆறாவது வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். 12 வாரம் முடியாமல், பயிற்சி பலித்ததா இல்லையா என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மருத்துவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: 'உட்கார்ந்து எழுதல் 8 முறை 3 சுற்று, வாரம் 3 நாள், வலி 5 வரை, 12 வாரம், ஆறாவது வாரம் மறுபார்வை' என்று சீட்டில் ஒரு வரி எழுதுங்கள். மாத்திரையை எழுதும் அதே கவனத்தோடு எழுதுங்கள்.

மையத்துக்குப் போய்ப் பத்து நாள் 'கரண்ட் வைத்து', மெழுகு ஒத்தடம் கொடுத்து வந்துவிட்டு அதைத்தான் பயிற்சி என்று நினைப்பவர்கள் ஏராளம். அந்தச் சூடும் மின்தூண்டலும் சில மணி நேர ஆறுதல் தரும், தசையை வளர்க்காது. அதை மட்டும் செய்து அனுப்பும் மையங்கள் நோயாளியின் பணத்தை வீணடிக்கின்றன. வீட்டிலேயே உப்பு ஒத்தடம் 15 நிமிடம் கொடுத்தால் இறுக்கம் தளரும். பயிற்சிக்கு முன் கொடுப்பது நல்லது. நீரிழிவால் காலில் உணர்ச்சி மழுங்கியவர்களுக்கு இதில் தோல் வெந்துவிடும் ஆபத்து உண்டு. அவர்களுக்கு ஒத்தடத்தின் சூட்டை வீட்டில் இன்னொருவர் கையில் வைத்துப் பார்த்துத் தர வேண்டும். முட்டி வீங்கியிருக்கும் நாளில் சூடு கூடாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைக்கலாம்.

முட்டி வலி என்றதும் 'தினம் அஞ்சு கிலோமீட்டர் நடங்க' என்பதும் தவறான அறிவுரை. சமதளத்தில் 10 நிமிடம், காலை மாலை இரு வேளை என்று தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நிமிடமாகக் கூட்டலாம். வலிக்காத பக்கத்துக் கையில் கைத்தடி பிடித்தால் வலிக்கும் முட்டியின் மேல் இறங்கும் பாரம் குறையும். பெரும்பாலோர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். அடியில் ரப்பர் புஷ் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், ஈரத் தரையில் வழுக்கும். எடையைப் பொறுத்தவரை, உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியில் ஏறும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைப்பது பெரிய சிகிச்சை. வலி இருக்கும் மாதங்களில் குந்துவதையும் சம்மணமிடுவதையும் தள்ளிப்போடுங்கள். தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, அரிவாள்மனை, தாழ்ந்த முக்காலி எல்லாம் முட்டியை முழுதாக மடக்குபவை. வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில், நடுவில் ஓட்டையுள்ள நாற்காலியை இந்தியன் டாய்லெட்டின் மேல் போட்டுக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்து இடித்துக் கட்ட வேண்டியதில்லை.

மாத்திரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுகிறார்கள். ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டன் அல்லது ராமிப்ரில் மாத்திரையும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் ஏற்கெனவே எடுப்பவர் இதையும் சேர்த்தால் மூன்றும் கூடிச் சிறுநீரகத்தைத் திடீரென்று முடக்கக்கூடும். வயிற்றுப்போக்கோ, கோடையில் உடலில் நீர் வற்றுவதோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். அதனால் முட்டிக்கு முதலில் பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைப் பயன்படுத்துங்கள்; ரத்தத்தில் கலப்பது சொற்பம். ஆனால் அதையும் பட்டாணி அளவுக்குத் தொட்டுத் தடவினால் பயன் இராது. 1 விழுக்காட்டு ஜெல் ஒரு முட்டிக்கு ஒரு தடவைக்குச் சுமார் 4 கிராம் வேண்டும்; நாளைக்கு நான்கு தடவை வரை பூசலாம். அதாவது 30 கிராம் டியூப் ஏழு தடவைக்குத்தான் வரும். முட்டியின் முன்னும் பின்னும் பக்கங்களிலும் பூசுங்கள். பூசிய இடத்தில் ஒத்தடம் கொடுக்காதீர்கள்.

குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் மாத்திரைகளுக்கு மாதம் நூற்றுக்கணக்கில் செலவாகிறது. 1,583 பேரை வைத்து அமெரிக்காவில் செய்து 2006இல் வெளியான ஆய்வில், மொத்தத்தில் அவை மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட வலியைக் குறைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு முட்டையும் பருப்பும் வாங்கிச் சாப்பிட்டால் தசைக்காவது சேரும்.

'மூணே நாளில் முட்டி வலி போகும்' என்று விற்கும் லேபிள் இல்லாத சூரணங்களும் உருண்டைகளும்தான் எங்களை மிகவும் கவலைப்பட வைப்பவை. இப்படிப்பட்ட பொடிகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டையோ வலி மாத்திரையையோ கலந்து விற்பது ஆய்வகச் சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. எந்த மூலிகையும் இரண்டே நாளில் தேய்மான வலியைத் துடைத்தெறியாது. அப்படி நடந்தால் சந்தேகப்படுங்கள். பசி அதிகமாகி, முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் சந்தேகம் உறுதி. மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், மயங்கி விழுவார்கள். பொடியை எடுத்துக்கொண்டு பொது மருத்துவரிடம் போய், படிப்படியாகக் குறைக்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டத்தில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் ருமாட்டிசமும் (மூட்டு வாதம்) இருக்கிறது. நாளிதழ்களின் விளம்பரப் பிரிவுகள் இதைக் கண்டிப்போடு கடைப்பிடிக்க வேண்டும் என்று இந்த வாய்ப்பில் கேட்டுக்கொள்கிறோம்.

ஊசிகளுக்கு வருவோம். ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தையும் வலியையும் சில வாரங்களுக்குத் தணிக்கும். முட்டி வீங்கிப் பயிற்சியே தொடங்க முடியாதவருக்கு அந்த இடைவெளி உதவும். ஊசி போட்டுச் சில நாள் கழித்துப் பயிற்சியில் இறங்கிவிட வேண்டும். அதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வழக்கமாக்கக் கூடாது. 140 பேருக்கு இரண்டு ஆண்டுகள் அப்படிப் போட்டுப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், மருந்தில்லாத உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது. வலியில் வித்தியாசம் இல்லை. 2020இல் 156 பேரை வைத்துச் செய்த இன்னோர் ஒப்பீட்டில், ஓராண்டு முடிவில் ஊசிக் குழுவைவிட இயன்முறை சிகிச்சைக் குழுவுக்கு வலியும் முடக்கமும் குறைவாக இருந்தன. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போட்ட பின் சில நாள் சர்க்கரை தாறுமாறாக ஏறும். தினமும் பார்க்க வேண்டும். மூட்டு மாற்று அறுவைக்கு முந்தைய மூன்று மாதத்தில் இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும், கிருமித் தொற்று அபாயம் கூடும்.

'எண்ணெய் வத்திப்போச்சு, ஜெல் ஊசி போட்டா சரியாயிடும்' என்று சொல்லிப் போடும் ஹயலுரானிக் அமில ஊசியைத் தேய்மானத்துக்குத் தர வேண்டாம் என்று பிரிட்டனின் அரசு நெறிமுறை 2022இல் சொல்லிவிட்டது. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கு இப்போது மவுசு அதிகம். ஆஸ்திரேலியாவில் 288 பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டு ஓராண்டு கவனித்தார்கள். வலியிலும் குருத்தெலும்பின் கன அளவிலும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டு வித்தியாசம் எதுவும் இல்லை என்று 2021இல் அறிவித்தார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுக்கும் முன் நோயாளிக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தேய்மானத்துக்காக முட்டிக்குள் குழாய் விட்டுச் 'சுத்தம் செய்யும்' நுண்துளை அறுவையின் கதை முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரில் ஒரு பிரிவினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து, உள்ளே எதுவும் செய்யாமல் விட்டார்கள். இரண்டு ஆண்டுகள் பார்த்தும், உண்மையான அறுவை செய்துகொண்டவர்கள் இவர்களைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை. அது வெளியானது 2002இல். தேய்மான முட்டிக்கு இதைச் செய்ய வேண்டாம் என்று 2017இல் சர்வதேச வல்லுநர் குழு அழுத்தமாகவே பரிந்துரைத்தது. விளையாட்டில் அடிபட்ட இளைஞர், உண்மையிலேயே முட்டி பூட்டிக்கொண்டவர் என்றால் அது வேறு விஷயம்.

மூட்டு மாற்று அறுவையை நாங்கள் எதிர்க்கவில்லை. காலம் கடத்தி வரும் நோயாளிகளைப் பார்த்து வருந்துகிறோம். டென்மார்க்கில் 100 பேரை வைத்துச் செய்து 2015இல் வெளியான ஆய்வு இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. ஓராண்டில், அறுவையோடு பயிற்சியும் பெற்றவர்களில் 85 விழுக்காட்டினரும், அறுவை இல்லாமல் பயிற்சி, எடைக் குறைப்பு முதலானவற்றை மட்டும் பெற்றவர்களில் 68 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். அறுவைக் குழுவுக்கு வலி அதிகம் குறைந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் அதிகம் வந்தன. அறுவை இல்லாத குழுவில் நான்கில் ஒருவர் அந்த ஆண்டிலேயே அறுவைக்கு மாறினார். எனவே 12 வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வலி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது, தெருமுனை வரை நடக்க முடியவில்லை, படத்திலும் கடுமையான தேய்மானம் என்றால் அறுவைக்குப் போங்கள். முட்டி 20, 30 டிகிரி மடங்கிய நிலையில் இறுகிப்போன பிறகு போனால் அறுவையும் கடினம், பின்னர் காலை நீட்டுவதும் கடினம். அறுபதுக்குக் கீழே இருந்து, கால் வில்லாக வளைந்து, உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், கீழ்க்கால் எலும்பை வெட்டி நேராக்கும் அறுவையோ பாதி மூட்டு மாற்றோ பொருந்துமா என்று கட்டாயம் கேளுங்கள். 'இருபது வருஷந்தான் வரும்' என்ற அச்சம் தேவையில்லை. ஆஸ்திரேலிய, பின்லாந்து மூட்டு மாற்றுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வெளியான கணக்கின்படி, முழு மூட்டு மாற்றில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைக்கிறது.

செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் உலோக மூட்டுக்கு அன்று நிர்ணயித்தது 54,720 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. 'பேக்கேஜ்' என்று ஒரே தொகையாகச் சொன்னால் மூட்டின் விலை, வகை, நிறுவனம், பேட்ச் எண் எல்லாவற்றையும் பில்லில் தனியே கேளுங்கள். மூட்டுப் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டி வாங்குங்கள்; பின்னாளில் மறு அறுவை தேவைப்பட்டால் அது இல்லாமல் சிரமம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் இந்த அறுவை நடக்கிறது. அங்குள்ள காப்பீட்டு மேசையில் குடும்ப அட்டையோடு போய் விசாரியுங்கள்.

அறுவைக்கு முன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, குதிகால் வெடிப்புப் புண் எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ள வேண்டும். இவற்றிலிருந்து கிருமி புதிய மூட்டுக்குப் போகும். அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நிற்க வைப்பார்கள், பயப்பட வேண்டாம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கணுக்காலைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க. வீட்டார் அன்போடு செய்யும் பெரிய தவறு, 'வலிக்குதே' என்று முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது. அப்போதைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும்; பிறகு எவ்வளவு நடந்தாலும் கால் நொண்டும். தலையணையை எடுத்துவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் தொங்கித் தன் எடையால் நீளட்டும். ஐந்து முதல் பத்து நிமிடம், நாளைக்கு நாலைந்து முறை. மடக்குவதில் இரண்டு வாரத்துக்குள் 90 டிகிரியும், ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் 110, 120 டிகிரியும் இலக்கு. முட்டி சில மாதங்கள் கதகதப்பாகவும் சற்று வீங்கியும் இருக்கும். தையலுக்கு வெளிப்பக்கம் மரத்திருப்பதும் இயல்பு. கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தையலில் நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால், அறுவை செய்த மருத்துவரையே பாருங்கள். பக்கத்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் கிருமி சோதனையில் சிக்காமல் மறைந்துகொள்ளும், மூட்டையே கழற்ற வேண்டிய நிலை வரலாம்.

வெளியே போக முடியாத முதியவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிவுசெய்தால் போதும். வருபவரிடம் இக்கடிதத்தில் உள்ள பயிற்சிகளை ஒருமுறை செய்து காட்டச் சொல்லி, அளவையும் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.